தொண்ணூறு நொடியில் எழுந்து உட்கார்ந்தவர்

மேடைக்கு மாண்பு சேர்க்கும் தலைவர் அவர்களே, மறையுரையால் மனங்களைத் தைக்கும் போதகர் பெருமக்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கியிருக்கும் தாய்மாரே, கேமரா தூக்கித் தோள் காய்த்த தோழர்களே, கேபிள் சுருட்டிக் கை சிவந்த தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு என்ன தெரியுமா? "பிரசங்கத் தொடருக்கு முன்னோட்டக் காணொளி: தொண்ணூறு நொடியில் இதயங்களை வெல்வது எப்படி?" அடேயப்பா! பதினேழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் என் கணவரின் இதயத்தை நான் இன்னும் முழுதாக வென்றபாடில்லை. ஐந்நூறு பேரின் இதயத்தைத் தொண்ணூறு நொடியில் வெல்ல வழி கேட்கிறீர்கள்!

சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, "'எழுந்திரு' என்ற காணொளியை ஆக்கிய கரங்கள் இவை" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். காலைப் பயிற்சி வகுப்பில் அதையே மாதிரியாகப் போட்டுக் காட்டினார்களாம். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அந்தக் கைதட்டலை அப்படியே திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காணொளி பொய். அதைச் செய்தவள் நான். உங்கள் பாடப் பட்டியலிலிருந்து அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

தலைவர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். நான் முடிக்கவில்லை.

நம் கலை எப்படிப்பட்ட கலை? பிரசங்கம் நான்கு வாரம். அதற்கு முன்னோட்டம் நாற்பது நாள். சபையின் கார் நிறுத்துமிடத்தை டிரோன் கழுகாய் வட்டமிடும். ஒருவர் ஜன்னல் வழியே வெறித்துப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது. ஒருத்தி மழையில் மெதுவாக நடப்பாள். மழை தோட்டத்துக் குழாயிலிருந்து வரும். பியானோ ஒற்றை விரலில் ஒலிக்கும். திரை இருளும், முரசு முழங்கும், எழுத்துகள் பாறையாய்ப் பிளக்கும், பிளந்த பாறையில் தீப்பிடிக்கும்! இத்தனையும் எதற்கு? "அடுத்த ஞாயிறு, காலை ஒன்பது மணி" என்று சொல்வதற்கு! ஆண்டவர் வரும்போதுகூட இவ்வளவு புகை வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

எங்கள் சபையில் இந்தப் புகைக்கெல்லாம் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். வாரநாள்களில் குளியலறை ஓடு விற்பார். ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வார். அவரை நாங்கள் டைரக்டர் என்று அழைப்போம். அப்படி அழைக்கச் சொன்னவரும் அவரே. நான் பிழைப்புக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள். சபையில் அதே வேலையை ஊழியமாகச் செய்தேன்.

ஒருநாள் டைரக்டர் அறிவித்தார்: "அடுத்த தொடர், குணமாகுதல். தலைப்பு 'எழுந்திரு'. எனக்கு ஒரு நிஜமான சாட்சி வேணும். நிஜமான முகம். நிஜமான கண்ணீர்."

நிஜம் வேண்டுமாம்! ஓடு வாங்க வருகிறவர் சலவைக்கல் கேட்பதுபோல நிஜம் கேட்டார் மனிதர்.

அந்த முகம் கிடைத்தது. எங்கள் சபையில் லாண்டரி நடத்தும் அக்கா ஒருவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. கணவர் லாரி ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் அடித்துப் படுத்துவிட்டார். பேச்சு குழறும், புத்தி தெளிவு. அக்கா முன்பக்கம் சட்டைக்கு இஸ்திரி போடுவார். பின்பக்கம் கணவரைப் புரட்டிப் போடுவார். விடிந்தால் இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நர்ஸை உட்கார வைத்துவிட்டு ஆராதனைக்கு வருவார்.

ஒரு திங்கட்கிழமை காலை கடைக்குப் போனோம். மைக் மாட்டினோம். டைரக்டர் கேட்டார், "அக்கா, ஜெபத்தால உங்க வாழ்க்கையில என்ன நடந்துச்சு?"

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைக்கவில்லை. மடித்துக்கொண்டே சொன்னார்:

"நாலு வருஷமா ஜெபிக்கிறேன். கேட்குற மாதிரி தெரியல. நேத்து நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிச்சோம். அவர் எழுந்து உட்கார்ந்தார். அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் சாஞ்சுட்டார். நான் வந்து இந்த வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். ஆனா விட்டுடல. எதை விடலைன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது."

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். பதினோரு வருடத்தில் நான் பதிவு செய்த சொற்களில் இதுதான் உண்மையிலேயே ஜெபம் என்று தோன்றியது.

டைரக்டர் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார், "கொஞ்சம் சோர்வா இருக்கு, இல்ல?"

அன்று பிற்பகல், கணினிக்கு முன்னால் என் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "'நாலு வருஷமா ஜெபிக்கிறேன்.' இங்க நிறுத்து. பியானோ. ரெண்டு செகண்ட் வானம். இப்ப 'அவர் எழுந்து உட்கார்ந்தார்.' முடிஞ்சுது! முரசைப் போடு!"

"நடுவுல சொன்னதெல்லாம்?"

"தூக்கு."

"ஒரு மாதிரி இருக்கே அண்ணே."

"நாம ஒரு வார்த்தை சேர்த்தோமா? எல்லாம் அவங்க வாயால சொன்னதுதானே? நோக்கம் நல்லதும்மா."

அன்பர்களே, நான் மறுத்தேனா? மல்லுக்கு நின்றேனா? எழுந்து வெளியே போனேனா? இல்லை! "ஒரு மாதிரி இருக்கே" என்ற மூன்று சொல்லோடு என் மனசாட்சி வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. வெட்டினேன். ஒட்டினேன். வெட்டிய இடம் தெரியாமல் பியானோவால் பூசினேன். நர்ஸைத் தூக்கினேன், தோள் கொடுத்த மனைவியைத் தூக்கினேன், சாய்ந்ததைத் தூக்கினேன். படுக்கையில் கிடந்த மனிதரைத் தொண்ணூறு நொடியில் எழுப்பி உட்கார வைத்தேன். மருத்துவம் முடியாததை மவுஸ் முடித்தது!

புதன்கிழமை அது எல்லோருடைய கைபேசிக்கும் போனது. அக்காவிடம் காட்டினோமா? காட்டவில்லை. நேரம் இல்லையாம்.

வியாழக்கிழமை லாண்டரி வாசலில் ஆட்கள். "அண்ணனைப் பார்க்கணும்." "எழுந்துட்டாராமே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" நேரே பின்பக்கம் போனார்கள். கட்டிலில் கிடந்தவரைச் சுற்றி நின்றார்கள். எழுந்திருக்காததைப் பார்த்து அவர்கள் முகம் விழுந்தது. அவருக்குக் காது கேட்கும், கண் தெரியும், புத்தி தெளிவு என்று சொன்னேன் அல்லவா? அந்த விழுந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரால் திரும்ப முடிந்த ஒரே பக்கம் அது.

வெள்ளிக்கிழமை ஒருவர் வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர். எங்கள் சபை இல்லை; வீடியோ எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பஸ் மாறித் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கடைக்குள் நுழைந்ததும் கேட்டார், "அக்கா, எந்த ஜெபம் பண்ணீங்க? எனக்கும் சொல்லிக்குடுங்க."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க. அந்த வீடியோவுல இருக்கிறது நடக்கலை."

"நீங்கதானே பேசுறீங்க அதுல?"

"நான்தான். ஆனா அது நான் சொன்னது இல்லை."

அந்த மனிதருக்கு எப்படிப் புரியும்? உதடு அக்காவுடையது, குரல் அக்காவுடையது, சொன்னது மட்டும் அவருடையது இல்லையாம்! பட்டறைக்காரர் குரல் உயர்ந்தது. "உங்களுக்குக் கிடைச்சுடுச்சு. அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாதா? நல்லா இருங்க!" மனைவியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் அக்கா என் எடிட்டிங் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் பேசினதைக் காட்டு."

வெட்டாததைப் போட்டேன். மூன்று நிமிடம் நாற்பது நொடி. கடைசிவரை நின்றே பார்த்தார்.

"இதுல என்ன குறை?"

"குறை இல்லக்கா."

"அப்புறம் ஏன் வெட்டின?"

எத்தனை பொய் எனக்குத் தெரியும்! "நீளமா இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "நாலு வருஷம்டி. நீளமாத்தான் இருக்கும்."

யாரும் கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்த அறையில் யாரும் கைதட்டவில்லை.

டைரக்டருக்குப் போன் செய்தேன். முழுசாகப் போடலாம் என்றேன். "நாளைக்குப் புது ஆட்கள் வர்றாங்க! இதைப் பார்த்தா எவன் மறுபடி வருவான்? ஆறுதல் தேடி வர்றவனுக்கு இஸ்திரிப் பெட்டியைக் காட்டுவியா?" வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரங்கம் நிறைந்தது. விளக்குகள் அணைந்தன. புகை இயந்திரம் பெருமூச்சு விட்டது. திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்கின. என் விரல் பொத்தானில். பொய்யையா, மெய்யையா? முரசையா, மனுஷியையா? வென்றெடுக்கச் சொன்ன இதயங்களையா, நொறுங்கிக் கிடந்த ஒரு வீட்டையா?

மூன்று. இரண்டு. ஒன்று. வெட்டாததைப் போட்டேன்!

ஹெட்செட்டில் டைரக்டர் அலறினார்: "ஏய், தப்பான ஃபைல்! கட் பண்ணு!"

"சரியான ஃபைல்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அது மேசையிலிருந்தும் கத்திக்கொண்டே இருந்தது.

திரையில் பாறை இல்லை, தீ இல்லை. ஒரு சின்னக் கடை. இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. பேச்சின் நடுவே ஒருவர் வந்து பேன்ட் ரெடியா என்று கேட்டார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அக்கா தொடர்ந்தார். உள்ளேயிருந்து ஒரு குழறல் கேட்டது. "இருங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார். புகை இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு லாண்டரிமேல் புகையைக் கொட்டியது. படம் முடிந்தது. ஒருவர் இருமினார்.

போதகர் ஏறினார். கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார், மூடினார்.

"அந்த முதல் வீடியோவை நானும் பார்த்தேன்" என்றார். "எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கேட்கலை. ஏன்னா அது எனக்கு வசதியா இருந்துச்சு." பிறகு அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்கம்மா." அன்று அவர் எட்டே நிமிடம் பேசினார். அவர் ஊழியத்திலேயே உருப்படியான எட்டு நிமிடம் அது. இங்கே இருக்கிற போதகர்கள் என்மேல் வருத்தப்பட வேண்டாம். நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நானும் அக்காவும் வெளியே வந்தால், வாசற்படி அருகே வெல்டிங் பட்டறைக்காரர், மனைவியோடு. எங்கள் சபையையாவது பார்த்துவிடுவோம் என்று வந்திருக்கிறார். கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க மறைக்கிறீங்கன்னு நினைச்சு..."

"அதை விடுங்க. இவங்களை எப்படித் தூக்குறீங்க?"

"இடுப்பைப் பிடிச்சுத்தான்."

"அதான் உங்க முதுகு வளைஞ்சு நிக்குது. இங்க பாருங்க." அக்கா அந்த அம்மாவின் எதிரில் நின்றார். தன் முழங்காலை அவர் முழங்காலோடு முட்டுக்கொடுத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அணைத்தார். "என் தோள்ல சாஞ்சுக்கோங்கம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அந்த அம்மா நின்றார்! தாங்கித்தான் நின்றார், தள்ளாடித்தான் நின்றார், ஆனால் நின்றார். அக்காவின் தோளுக்கு மேலே முகத்தைத் தூக்கிக் கணவரைப் பார்த்துச் சொன்னார், "நீங்க இத்தனை நாளா என்னை மூட்டை மாதிரிதானே தூக்குனீங்க!" அந்த மனிதர் சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

அப்போது ஓடி வந்தார் பாருங்கள் ஒருவர், கறுப்புச் சட்டையும் கையில் கேமராவுமாக! "அக்கா, இன்னொரு தடவை பண்றீங்களா? வெளிச்சம் அருமையா இருக்கு!"

காறித் துப்பலாம் என்று எனக்கு வாய் ஊறியது. வெல்டிங் பட்டறைக்காரர் கோபப்படவில்லை. "தம்பி, அதை ஓரமா வச்சுட்டு இந்த நாற்காலியைப் புடிங்க. பிரேக் சரியில்லை, நழுவுது" என்றார்.

டைரக்டர் கேமராவைப் படியில் வைத்தார். குனிந்து, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தார். அந்த அம்மா உட்காரும் வரைக்கும் பிடித்திருந்தார்.

மனம் மாறிவிட்டார் என்று உருகாதீர்கள். திங்கட்கிழமை காலை என்னை ஊடகக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து நீக்கியவரும் அவர்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை லாண்டரிக்குப் பின்பக்கம் போய், "ஒரு பக்கம் நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டவரும் அவர்தான். அக்காவே என்னிடம் சொன்னார்.

அருமைக்குரியோரே! படம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள்! அழகாக எடுங்கள்! ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையை உங்கள் மைக்குக்குள் சொன்னால், அதை ஊருக்குக் காட்டும் முன்பு அவருக்குக் காட்டுங்கள். "இது நீங்க சொன்னதுதானா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால் அழியுங்கள். அழிக்கக் கை கூசினால் அந்தக் கை கேமராவுக்கு லாயக்கில்லை. உள்ளதை உள்ளபடி காட்டினால் ஓடிப்போகிற கூட்டம் ஓடட்டும்! சாய்ந்தவரைச் சாய்ந்தவராகக் காட்டுங்கள். தாங்கிப் பிடிக்க நாலு பேர் தானாக வருவார்கள். எழுந்துவிட்டார் என்று காட்டினால் யார் வருவார்கள்? வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள்!

இதயம் வெல்லும் வித்தை கேட்டு என்னை அழைத்து, ஏமாந்தும் எழுந்து போகாமல் இருந்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. மணியடிக்கக் கை ஓங்கியும் அடிக்காமல் விட்ட தலைவருக்குத் தனி நன்றி. மழலை அழுதும் மண்டபம் நீங்காத தாய்மாருக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். விடைபெறுகிறேன்.