மூன்று தட்டு

மாலை ஆறே முக்கால் மணி. ஊருக்கு வெளியே, மூடிப்போன ஐஸ் ஃபேக்டரிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது. விளக்குக் கம்பங்கள் உண்டு... விளக்குகள் இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது. ஓட்டுகிறவர் கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன். கால்களுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பை.

அவர் என்னோடு படிக்கிற சைலன்ஸரின் அத்தான். அக்காவின் கணவர். சினிமாவில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்.

நேற்று சைலன்ஸர் எங்களுக்கு இதைச் சொன்னான். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் சந்தேகம். அது வரும்போது சொல்கிறேன்.

அவன் இதைச் சொன்னது எங்கள் ஏசி மெக்கானிக் மாலை வகுப்பில். மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது. சார் முதல் ஆளாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறிய பிறகு மிஞ்சியது நாலு பேர். நான், சைலன்ஸர், கூரியர் வேலை பார்க்கிற அண்ணன், பேக்கரியில் பில் போடுகிற அம்மா. அவரை நாங்கள் பில் மேடம் என்போம். பிரித்துப் போட்ட கம்ப்ரஸர்களுக்கு நடுவில் ஒரு மெழுகுவத்தி. கிரீஸ் வாசனை.

சைலன்ஸர் வாயே திறக்க மாட்டான். அதனால்தான் அந்தப் பெயர். தினமும் வகுப்பு முடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். நேற்று ஓட வழியில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். போனை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தான். சிக்னல் இல்லை.

"என்னடா, உன் ஆளு காத்துக்கிட்டிருக்கா?" என்றார் கூரியர் அண்ணன்.

"காத்துக்கிட்டுதான் இருக்கு," என்றான். "ஆனா ஆளு இல்ல."

பிறகுதான் உட்கார்ந்தான்.

அந்த ஐஸ் ஃபேக்டரியில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். சின்னப் படம். கேமராவே இரவல். ஒரு விஞ்ஞானி சத்து மருந்து என்று சொல்லி ஆட்களுக்குப் புழு முட்டையைக் கொடுத்துப் பரிசோதனை செய்கிறான். புழு வயிற்றுக்குள் வளர்கிறது. அவன் கண்ணாடி ஜாடியை மூன்று முறை தட்டினால், ஆள் வயிற்றுக்குள்ளிருந்து அது மூன்று முறை பதில் தட்டுகிறது.

"புழுவுக்கு ஏதுடா கை?" என்றார் கூரியர் அண்ணன்.

"அதை டைரக்டர்கிட்ட கேளுங்க. அவங்க புழுவே நூடுல்ஸ்தான். பசை தடவி, சிவப்பு மை ஊத்தி... ரெண்டாவது நாள் எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சாம்."

சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அந்தப் பதில் சத்தம்தான் அத்தானுக்கு அமையவில்லை. ஈரத்துணியை அடித்துப் பார்த்தார். பலூனில் தண்ணீர் ஊற்றித் தட்டினார். தர்பூசணியைத் தட்டினார். டைரக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், இது பழம். எனக்கு உசிரு வேணும்," என்றாராம்.

வீட்டில் அக்காவுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை மாடிப்படி ஏறவே பயந்துகொண்டிருந்தாள்.

அத்தான் சின்ன மைக்கை எடுத்து, அக்காவின் வயிற்றில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்.

சவுண்ட் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டாம். எந்த இடத்தில் பதிவு செய்தாலும், முதலில் அந்த இடத்தின் வெறும் நிசப்தத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவைப்பார்கள். அப்புறம் இரைச்சலைப் பிரித்தெடுக்க அது உதவும். அத்தான் ஃபேனை நிறுத்தினார். ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கினார். "மூச்சை மெதுவா விடு," என்றார். நிசப்தத்தை எடுத்தார். அதன் பிறகே, விரல் நகத்தால் வயிற்றில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி...

உள்ளேயிருந்து... டொக். டொக். டொக்.

குழந்தை உதைத்தால் வருகிற மொத்தென்ற சத்தம் இல்லை அது. மூடிய மரப்பெட்டியை உள்பக்கமிருந்து தட்டுவது மாதிரி.

அத்தான் துள்ளிக் குதித்தார். அக்காவும் சிரித்தாள். "பாருங்க, அப்பாவுக்குப் பதில் சொல்லுது!"

இரண்டு தட்டினார். பதில் இல்லை. நாலு தட்டினார். இல்லை. மூன்றுக்கு மட்டும்தான். அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. மறுநாள், அதற்கு மறுநாள்... குளிர்ந்த தண்ணீர் குடிக்க வைத்து ஒரு தடவை, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு தடவை.

"நான் என்ன உங்க பரிசோதனை எலியா?" என்று அக்கா திட்டினாள்.

"கடைசித் தடவைம்மா. சத்தியமா."

சத்தம் படத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. டைரக்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு குறை, பின்னால் லேசான இரைச்சல். அத்தான் முதலில் எடுத்துவைத்த நிசப்தத்தைத் திறந்தார். ஹெட்ஃபோனை மாட்டினார். இரைச்சல் எது என்று பார்க்க ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்...

டொக். டொக். டொக்.

இடைவெளி.

டொக். டொக். டொக்.

அவர் விரல் வயிற்றில் படுவதற்கு முன்னால்.

"அது பதில் சொல்லல," என்றான் சைலன்ஸர். "அது கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. யாராச்சும் பதில் சொல்றாங்களான்னு பாத்திருக்கு. பதில் சொன்னது எங்க அத்தான்."

பில் மேடம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "போதும் தம்பி."

"இனிமேதான் மேடம் இருக்கு."

அன்றிலிருந்து அத்தான் தட்டுவதை நிறுத்தினார். மைக்கை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் அக்கா சமையலறையில் மடங்கி விழுந்தாள். வலி. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், குழந்தை நன்றாக இருக்கிறது, வாயுதான் என்றார். மறுநாளும் அதே நேரம், அதே வலி. பல்லைக் கடித்துக் கடித்து அக்காவின் உதடு கிழிந்துவிட்டது. இதுவும் தங்காமல் போய்விடுமோ என்று அழுதாள்.

அத்தானுக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து... மூன்று தட்டினார்.

சுவிட்சை அணைத்த மாதிரி வலி நின்றது.

"உங்க அக்காவே தட்டிக்க வேண்டியதுதானே?" என்றார் பில் மேடம்.

"தட்டிப் பாத்தா மேடம். அது ஏமாறல."

ஆகவே தினமும் சாயங்காலம் அத்தான் தட்டினார். குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறந்தது. பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். வார்டே எழுந்து உட்காருகிற மாதிரி அழுததாம்.

அன்று சாயங்காலம் அக்கா அசந்து தூங்குகிறாள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தையும் தூங்குகிறது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அப்போது ஒரு வாசனை வந்தது. ரொம்ப நாள் மூடிவைத்த ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே... அது. ஐஸ் ஃபேக்டரியில் அவருக்குப் பழகிய வாசனை.

அத்தான் தொட்டிலைப் பார்த்தார். குழந்தை அசையவில்லை.

டொக். டொக். டொக்.

அக்காவின் போர்வைக்கு அடியிலிருந்து.

மெழுகுவத்தி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. கூரியர் அண்ணன் சைலன்ஸர் பக்கம் குனிந்தார். "அந்தப் படம்... வந்துச்சாடா?"

"வந்துச்சு. அந்தச் சத்தத்தை எடுத்துடுங்கன்னு அத்தான் காலைப் பிடிக்காத குறை. டைரக்டர் கேக்கல."

"நான் பாத்திருக்கேன்," என்றார் அவர். தன் கை வயிற்றின் மேல் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். மெல்ல எடுத்துக்கொண்டார்.

இப்போது அத்தான் வெளியூர் ஷூட்டிங்கில் இருக்கிறார். அக்கா சைலன்ஸர் வீட்டில். குழந்தைக்கு இரண்டு மாதம். சாயங்காலத்தில் வந்துகொண்டிருந்த வலி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, எட்டரைக்கு வந்து நிற்கிறது. எட்டரைக்குள் அக்காவைத் தவிர வேறு யாராவது தட்டியாக வேண்டும். வீட்டில் தட்ட ஆள் சைலன்ஸர் மட்டும்தான். அதனால்தான் தினமும் ஓட்டம்.

"இப்ப மணி என்ன?" என்று கேட்டான். அவன் கையிலேயே கடிகாரம் இருந்தது. பார்க்கப் பயம்.

ஒன்பதே கால்.

அவன் எழுந்து பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். "நான் நடந்தே போறேன்."

"பைத்தியமா உனக்கு? தெருவுல கரண்ட் கம்பி அறுந்து கிடக்கு," என்று கூரியர் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சிக்னல் எப்போது வந்தது என்று தெரியவில்லை. அக்கா.

"அக்கா! தாங்கிக்கோ, எப்படியாச்சும் வந்துடறேன்..." அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

"வேணாம்டா." அக்காவின் குரல் நிதானமாக இருந்தது. தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல். "மழையில வராதே. வலி அப்பவே நின்னுடுச்சு."

"அத்தான் வந்துட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்கா தட்டினா?"

"பாப்பா."

சைலன்ஸர் எங்களைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்த மாதிரி இருந்தது. "ரெண்டு மாசக் குழந்தை எப்படிக்கா தட்டும்?"

"கையால இல்லடா..." என்றாள் அக்கா. "என் வயித்து மேல போட்டுத் தூங்க வெச்சிருந்தேன். இன்னும் தூங்கிட்டுதான் இருக்கா. இரு, போனை அவகிட்ட வெக்கிறேன். நீயே கேளு."

துணி உரசுகிற சத்தம்.

எனக்குச் சந்தேகம் இந்த இடத்தில்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரியர் அண்ணன் தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்கிறார். பில் மேடம் மூன்று கேட்டது என்கிறார். சைலன்ஸரிடம் நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு ஆறு கேட்டது. முதல் மூன்று தள்ளியிருந்து, கனமாக. அடுத்த மூன்று போனுக்கு மிகப் பக்கத்தில்... ரொம்பச் சின்னதாக.