வால் முளைத்த கோப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, எதையும் படிக்காமல் குப்பையில் போடுகிற ஆள் நான் இல்லை. தலைவலி மாத்திரை வாங்கினால்கூட உள்ளே மடித்து வைத்த காகிதத்தை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் விழுங்குவேன். பாதி நாள் அதற்குள் தலைவலியே போய்விடும்.

ஆஸ்பத்திரியின் லினக்ஸ் கணினிகள் பத்தொன்பது வருடமாக என் பொறுப்பு. அப்டேட் வரும்போது, நாம் திருத்தி வைத்த அமைப்புக் கோப்பை அது தொடாது. பக்கத்திலேயே, அதே பெயரின் கடைசியில் 'நியூ' என்று வால் முளைத்த புதுக் கோப்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, புதியதில் வேண்டியதை மட்டும் பழையதில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதனாலேயே அது யார் கண்ணிலும் படவில்லை.

"என்ன பெரியவரே, எல்லாம் தானா அப்டேட் ஆகுதே, நீங்க எதுக்கு?" என்றார் மேலாளர். "இந்த மாசத்தோட வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க."

வீட்டில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். மனைவி போய் நான்கு வருடம். வேலையும் போனால், 'இது ஏன் ஓடல' என்று என்னிடம் கேட்க ஓர் ஆள் கிடையாது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரே ஒரு கோப்பை எடுத்தேன். நோயாளியின் இதயம் தடுமாறினால் எந்த நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும் என்று சொல்கிற கோப்பு. புதியதில் அந்த இடம் காலி. படித்தேன். படித்துவிட்டுத்தான் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன்.

மணி வேலை செய்யவில்லை என்று பதறிக்கொண்டு கூப்பிடுவார்கள், ஒரு நிமிடத்தில் சரிசெய்வேன், மேலாளருக்குப் புத்தி வரும். அவ்வளவுதான் என் திட்டம். முகம் கழுவி, தலை வாரி, போன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

யாரும் கூப்பிடவில்லை. மணி அடிக்கவில்லை என்பதை யார் போய் அவர்களுக்குச் சொல்வது? அரை மணி நேரத்தில் மூன்றாம் படுக்கை சிவப்பானது. என் திரையில் மட்டும்.

அவர் பஸ் டிரைவர். காலையில் ஒயர் பார்க்கப் போனபோது, "அண்ணே, அங்க மணி அடிக்கலேன்னா நான் நல்லா இருக்கேன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்றேன்.

அவர் படுத்திருந்த மாடி வார்டுக்கு நாற்பது படி. கோப்பை மாற்ற ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் நானாகப் போனால், கூப்பிட்டு வந்ததாக ஆகாதே ஐயா. பதினொரு நிமிடம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு போனில் கை வைத்தபடியே இருந்தேன்.

ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருப்பார். ஏன் கூப்பிடவில்லை என்று அவர்களைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.