ஃபிக்ஸர்ல நிக்காத படம்

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. அந்த லைட்ட அணைச்சுடுப்பா... ம், போதும்.

ராத்திரி பன்னண்டரை இருக்கும். மரக்காணத்துலயிருந்து அனுமந்தை பக்கம் வர்ற உப்பளத்து ரோடு. ரெண்டு பக்கமும் தண்ணி நின்ன பாத்தி... ஒரு வீடு கெடையாது, ஒரு விளக்கு கெடையாது. அதுல ஒத்த ஆளா பைக்ல வர்றான் சவரிமுத்து. என் ஃப்ரெண்டு ஆரோக்கியராஜ் இருக்கான்ல... அவனோட சித்தப்பா பையன்.

சவரி ஆறு நாளா பொண்டாட்டியத் தேடிட்டிருக்கான்.

அவ பேரு சகாயசெல்வி. உப்பளத்துல கூலி வேலை. அன்னிக்கு மதியானம் திடீர்னு இருட்டிக்கிட்டு மழை வந்துச்சு. அம்பாரமா குவிச்சு வெச்ச உப்ப கீத்து போட்டு மூடணும்னு ஆளாளுக்கு ஓடினாங்க. மழை விட்டுச்சு... எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. செல்வி வரல. வாய்க்கா, கெணறு, முள்ளுக்காடு... ஒண்ணையும் விடல. மூணாம் நாளே ஊர்ல பேச்சு மாறிப்போச்சு. "எவன் கூடவோ போயிட்டா"ன்னு அவன் காதுபடவே சொன்னாங்க.

சவரிக்கு வேலை ஆரோவில்ல. அங்க ஒரு வெள்ளக்காரர்கிட்ட இருந்து ஃபிலிம் கழுவ, பிரிண்ட் போட எல்லாம் கத்துக்கிட்டான். அவரு ஊருக்குத் திரும்பறப்போ கேமராவையும், படத்தப் பேப்பர்ல பெருசா விழ வைக்கிற என்லார்ஜரையும் இவன்கிட்டயே குடுத்துட்டாரு. பாத்ரூம் ஜன்னல்ல கறுப்பு பேப்பர ஒட்டி, அதையே டார்க் ரூமா ஆக்கிட்டான். செல்வி காணாமப் போன அன்னிக்குக் காலையில, உப்பளத்து வரப்புல நின்னு அவள ஒரு படம் எடுத்திருந்தான்.

அந்த ரோலத்தான் கழுவி காயப் போட்டிருந்தான். வீட்டுக்கு வந்தவன் ஈரச் சட்டையக்கூட மாத்தல. நேரா உள்ள போயி தாப்பா போட்டான்.

செவப்பு பல்பு. மூணு ட்ரே. மூக்குல சுருக்குன்னு ஏறுற புளிச்ச வாடை. பேப்பர் டப்பாவுல மிச்சம் அஞ்சே ஷீட்டு. தூசி இருந்தா பிரிண்ட்ல வெள்ளப் புள்ளி விழும்... அதனால நெகட்டிவ்வ பிரஷ்ஷால மெதுவா தடவி எடுத்தான். பேப்பர் மேல லைட் அடிச்சான். படத்த வர வைக்கிற டெவலப்பர் தண்ணியில போட்டு ட்ரேய ஆட்டினான். சளக்... சளக்...

மொதல்ல வரப்பு வந்துச்சு. அப்புறம் வரிசையா அம்பாரம். அப்புறம்... முந்தானைய இடுப்புல செருகிக்கிட்டு, நடுவுல செல்வி.

"வந்துட்டியா"ன்னான்.

ஃபிக்ஸர்ல போட்டாத்தான் படம் நிக்கும். இல்லன்னா வெளிச்சம் பட்டதும் கறுத்துப் போயிடும். போட்டான். ரெண்டு நிமிஷம் கழிச்சு வெள்ள லைட்டப் போட்டுப் பாக்குறான்... வரப்பு இருக்கு. அம்பாரம் இருக்கு. ஒரு புள்ளி இல்லாத சுத்தமான பிரிண்ட். செல்விதான் இல்ல. அவ நின்ன எடத்துல வெறும் உப்பு.

நெகட்டிவ்வத் தூக்கிப் பாத்தான். அதுல இருக்கா.

ரெண்டாவது ஷீட்டு. டெவலப்பர்ல மறுபடி வந்தா... ஆனா நின்ன எடம் வேற. ரெண்டு அம்பாரம் தள்ளி, முதுகு காட்டிட்டு நின்னா. ஃபிக்ஸர்ல போட்டான்... காணோம். மூணாவதுல இன்னும் தூரம். தலைய மட்டும் திருப்பி, வர்றானான்னு பாக்குற மாதிரி. அதுவும் நிக்கல.

தேடறதுக்குத் துணையா வந்து அவன் வீட்டுத் திண்ணையில படுத்திருந்த ஆரோக்கியராஜ் எழுந்து வந்து கதவத் தட்டினான். "டேய் சவரி... உள்ள யார்கிட்டடா பேசிட்டிருக்க?"

"தட்டாதண்ணே. வெளிச்சம் வந்துடும்... அவ நடந்து போறா."

நாலாவது. உப்பளத்துக் கடைசி மூலையில ஒரு அம்பாரம். நெகட்டிவ்ல அது நிமிந்து நிக்குது. இந்த ஷீட்ல ஒரு பக்கமா சரிஞ்சு கெடக்கு. சரிஞ்ச உப்புக்கு வெளிய அவ கை மட்டும் தெரிஞ்சுது... அவன் பாக்கப் பாக்க அதுவும் உள்ள போயிடுச்சு.

சவரிக்கு அவ எங்க கெடக்கான்னு புரிஞ்சுபோச்சு. தாப்பால கைய வெச்சுட்டான். அப்பவே ஓடியிருக்கணும்... ஆனா டப்பாவுல இன்னொரு ஷீட்டு இருக்கே. ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போயிடலாம்னு நின்னுட்டான்.

கடைசி ஷீட்ல உப்பளமே வரல. மொகம்... ஷீட்டு முழுக்க செல்வி மொகம் மட்டும். கண்ணு மூடியிருக்கு. வாயி லேசாத் தெறந்திருக்கு. சவரி ட்ரேக்கு மேல குனிஞ்சு, "செல்வி... செல்வி..."ன்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்தான். அப்புறம் எடுத்து ஃபிக்ஸர்ல போட்டான். லைட்டப் போட்டான்.

இருக்கா. இந்தத் தடவ போகல.

"அண்ணே! நின்னுட்டாண்ணே!"ன்னு சிரிச்சுக்கிட்டே அழுதிருக்கான்.

ரெண்டு பேரும் மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடினாங்க. விடியறதுக்குள்ள அந்தக் கடைசி மூலை அம்பாரத்தத் தோண்டிட்டாங்க. மழைக்கு ஒதுங்க கீத்துக்கு அடியில போயிருக்கா... அம்பாரம் சரிஞ்சு அப்படியே மூடிடுச்சு. மழையில உப்பு சரியறது வழக்கந்தானேன்னு யாரும் அதக் கண்டுக்கல. கீத்தும் மூங்கிலும் தாங்கிக்கிட்டதுல, உள்ள ஒரு ஆளு சுருண்டு படுக்குற அளவு பொந்து. அங்கதான் மூச்சில்லாம கெடந்தா. நகமெல்லாம் தேஞ்சு போயி, விரல்ல ரத்தம் உறைஞ்சிருந்துச்சு. உள்ளயிருந்தே சுரண்டிச் சுரண்டி வெளிய வரப் பாத்திருக்கா. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

தோண்டித் தோண்டி மரத்துப்போன கையால சவரி அவளக் கீத்தோட சேத்துத் தூக்கி மடியில போட்டுக்கிட்டான். ஆரோக்கியராஜ் அவ கண்ணு மேல ஒட்டியிருந்த உப்பத் தொடைக்கலாம்னு கைய வெச்சவன்... வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான். சவரிகிட்ட அவன் அத இன்னிக்கி வரைக்கும் சொல்லல.

ஆறு நாளா உப்புக்குள்ள கெடந்த உடம்பு... இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சாம்.