வடக்கு வாசலைத் திறந்தவன்

இல்ல சார், கையெழுத்து போட்டுடாதீங்க. ஒரு பத்து நிமிஷம். வண்டி வந்து நிக்குதுன்னு தெரியும், நிக்கட்டும். கதவைச் சாத்திக்கலாமா? ப்யூன் காதை இங்கதான் வெச்சிருக்கான்.

உக்காரலை சார், நின்னுக்கிட்டே பேசறேன். இருபத்தாறு வருஷமா நின்னு பேசியே பழகிப்போச்சு. உக்காந்தா எனக்கு வாயே வராது.

ஆமா, விசாரணையில நீங்க பிள்ளைங்ககிட்ட எழுதி வாங்கினது முப்பத்தோரு தாளு. எட்டாம் வகுப்பு பி பிரிவு. முப்பது பேரு, டீச்சர் அப்படி ஒண்ணும் சொல்லலைன்னு எழுதிட்டாங்க. ஒருத்தி மட்டும் சொன்னாங்கன்னு எழுதியிருக்கா. மொட்டைக் கடுதாசி பொய், அந்த ஒருத்தி சொல்றதும் பொய், டீச்சர் மேல தப்பில்லன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. ஹெச்.எம். வந்து எனக்குக் கை குடுத்துட்டுப் போறாரு. ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு என்னன்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பாடத்தை நீங்க பாத்தீங்களா சார்? இப்ப புக்குல அரைப் பக்கம்தான் இருக்கு. ஆத்தங்கரைக் கோட்டையில ராஜா படைக்கும் கும்பெனிப் படைக்கும் சண்டை. கும்பெனி ஜெயிச்சுது, ஒப்பந்தம் போட்டாங்க. அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட்டுட்டு வர்ற பீரியடு வேற. அரைப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினா பாதி கிளாஸ் தூங்கிரும். அதனால பெஞ்சையெல்லாம் ஓரமா தள்ளிட்டு, சாக்பீஸால தரையில கோட்டையை வரைஞ்சேன். பாதிப் பேரு உள்ள, பாதிப் பேரு வெளிய. ராஜாவா நிக்கறதுக்கு ஒரே அடிதடி. குதிரையா நிக்க ஒரு பய வரலை. கடைசியில நானே குதிரைக்குப் பதிலா ஒரு நாற்காலியைப் போட்டேன். பரவாயில்ல, சிரிங்க. அன்னைக்கு நானும் சிரிச்சேன்.

அப்பத்தான் தையல்கார அம்மாவோட பொண்ணு கேட்டா. அதான் சார், அந்த ஒருத்தி. டீச்சர், உள்ள நாலு மாசத்துக்கு தானியம் இருந்துச்சுன்னு சொல்றீங்க, சுவரு பத்தடி கனம்னு சொல்றீங்க, அப்புறம் எப்படி ஒரே காலையில கோட்டை விழுந்துதுன்னு.

என்ன சொல்லச் சொல்றீங்க? பழைய புக்குல அதுக்குப் பதில் இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி திருத்தி அச்சடிச்சப்ப அந்த நாலு வரியை எடுத்துட்டாங்க. ஏன் எடுத்தாங்கன்னு நான் கேக்கலை. யாருமே கேக்கலை. ஆனா அந்தப் பொண்ணு கேட்டுருச்சே. தானியக் களஞ்சியத்துக்குப் பொறுப்பா இருந்தவன் வடக்கு வாசலை உள்ளேருந்து திறந்து விட்டான்னு சொன்னேன்.

ஆமா சார், சொன்னேன். ஏன் பேனாவை மூடறீங்க? எழுதுங்க.

இல்ல, முழுசா கேட்டுருங்க. அதோட நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. துப்பாக்கிச் சத்தம் நின்னா சண்டை முடிஞ்சுதுன்னு பிள்ளைங்க நினைக்குது. அசல் விஷயமே அதுக்கப்புறம்தானே. மூணாம் நாள் ஒரு காகிதம் வந்துச்சு. ராஜா ராஜாவாவே இருப்பாரு, பல்லக்கு இருக்கும், குடை இருக்கும். படை மட்டும் இருக்காது. வரி வாங்கறது கும்பெனி. வழக்கு நடக்கறது, நிக்கிறவனுக்குப் புரியாத பாஷையில. வீடு உங்க பேருல, சாவி அடுத்தவன் இடுப்புலன்னு சொன்னேன், சட்டுனு புரிஞ்சுக்கிச்சுங்க. அப்ப களஞ்சியக்காரனுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டாங்க. ஏழு கிராமம், ஒரு பட்டம்னு சொல்லி அந்தப் பட்டத்தை போர்டுல எழுதினேன். உடனே பின்னாடி பெஞ்சிலேருந்து ஒருத்தன், டீச்சர், நம்ம ஹால்ல மாட்டியிருக்கிற படத்துக்குக் கீழ இதே பட்டம் இருக்கேன்னான்.

சும்மா இருந்திருக்கலாம். மணி அடிக்க ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு. நான், ஆமாப்பா, அதே குடும்பம்தான்னுட்டேன். இந்த ஸ்கூலுக்கு இடம் குடுத்த பெரிய வீடு. இந்தத் தடவையும் தேர்தல்ல நிக்கிற பெரிய வீடு. நான் ஒண்ணும் திட்டலை சார். தாத்தனுக்குத் தாத்தன் செஞ்சதுக்குப் பேரன் என்ன பண்ணுவான்னும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆனா அது மொட்டைக் கடுதாசியில வராதே, பெரிய வீட்டைப் பழிச்சேன்னுதானே வரும்.

அந்தக் கடுதாசியை யாரு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சாம். அந்தப் பொண்ணு வீட்டுலதான் எழுதினாங்களாம். வேற யாரு, அவ ஒருத்திதானே டீச்சரைக் காட்டிக் குடுத்தா, அப்படீங்கறாங்க. நீங்க தாள் எழுதி வாங்கிட்டுப் போனதுலேருந்து, பன்னெண்டு நாளா அவளைக் களஞ்சியக்காரின்னுதான் கூப்பிடறாங்க சார். பெஞ்சுல அவ பக்கத்துல ஒருத்தரும் உக்காரலை. பையைக் குழாயடியில வெச்சுத் தண்ணியைத் திறந்து விட்டுட்டாங்க. நேத்து நான் கிளாஸுக்குள்ள போறேன், போர்டுல பெருசா ஒரு வாசக்கதவு வரைஞ்சு, அதுக்குப் பக்கத்துல ரெட்டை ஜடை போட்ட ஒரு உருவம். என் பாடத்தை யாரும் இவ்வளவு நல்லாப் படிச்சதில்ல சார்.

அவ அம்மா கடைக்குத் துணி குடுத்தவங்கள்ல நாலஞ்சு பேரு தைக்காமலே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா இவளைத்தான் அடிச்சிருக்காங்க. எல்லாரும் எழுதின மாதிரி எழுதித் தொலைய வேண்டியதுதானேடின்னு. கன்னத்துல விரல் அடையாளத்தோடதான் வந்தா.

தெரியும் சார், நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு ஹெச்.எம். காட்டினாரு. ஒரு மாணவி மட்டும் கற்பனையாக எழுதியுள்ளார், பெற்றோரை அழைத்து எச்சரிக்கவும், தேவைப்பட்டால் டி.சி. கொடுக்கவும். ரெண்டு வரி. புக்குலேருந்து எடுத்தது நாலு வரி, நீங்க சேத்தது ரெண்டு வரி. மன்னிச்சுக்கோங்க, வாய் நீளுது.

பயம் இல்லாமயா? போன வருஷம் கணக்கு வாத்தியார் பெரிய வீட்டு விழாவுக்குப் பிள்ளைங்களை அனுப்ப மாட்டேன்னாரு. எங்கயோ தூக்கிப் போட்டாங்க. அவரு அங்க, பொண்டாட்டி பிள்ளைங்க இங்க. என் வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காரு சார், நான் திருப்பிப் போட்டாத்தான் அவரு திரும்பிப் படுப்பாரு. என்னைத் தூக்கிப் போட்டா அவரை யாரு பாக்கறது? அதனாலதான் பன்னெண்டு நாளும் வாயைத் திறக்கலை. என் வாக்குமூலத்துலயும் சொல்லலைன்னுதான் எழுதியிருக்கேன். அதைக் கிழிச்சிருங்க, புதுசா எழுதிக் கொண்டாந்திருக்கேன்.

நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னா. திட்டப் போறா, அழப் போறான்னு நினைச்சேன். டீச்சர், அது பெரிய வீட்டுக் குடும்பம்னு நீங்க நெசமாவே சொல்லலையா, எனக்குத்தான் காது தப்பாக் கேட்டுச்சான்னு கேட்டா. கிண்டல் இல்ல சார். சந்தேகம். முப்பது பேரு இல்லங்கறாங்க, டீச்சரும் இல்லங்கறாங்க, அப்ப தனக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு அந்தப் பிள்ளை நினைக்க ஆரம்பிச்சிருச்சு. நான் பரீட்சைத் தாளைத் திருத்தற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டா.

இல்ல சார், பிள்ளைங்க பாசத்துல எழுதலை. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த முப்பது தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆசிரியை பாடநூலில் உள்ளதை மட்டுமே நடத்தினார், வேறு எவரையும் குறிப்பிடவில்லை. முப்பதுலயும் இதேதான். குறிப்பிடவில்லைன்னு பதிமூணு வயசுப் பிள்ளை எழுதுமா? நீங்க விசாரணைக்கு வர்றதுக்கு முந்தின நாள், கடைசி பீரியடுல, நான்தான் அதை போர்டுல எழுதிப் போட்டு, மூணு தடவை சொல்ல வெச்சு, அழிச்சேன்.

அந்தப் பொண்ணு மட்டும் அன்னைக்கு ஸ்கூலுக்கு வரலை சார். காய்ச்சல்.