அஞ்சு நிமிஷத்தில் வெள்ளை வண்டி

பேருந்து ஓடாத நாட்களில் மனிதர்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா ஐயா? வேலைநிறுத்தத்தில் டாக்ஸிகளும் சேர்ந்துகொண்ட அன்று எங்கள் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். கார் உள்ளவர்கள் காலி இருக்கையைச் சொல்வார்கள், போகவேண்டியவர்கள் இடத்தைச் சொல்வார்கள். யார் எதில் என்று காலை ஆறு மணிக்கு நான் பட்டியல் போடுவேன். விதி ஒன்றுதான். பட்டியலில் உள்ள வண்டியை விட்டு வேறொன்றில் ஏறினால் குழுவிலிருந்து நீக்கம். ஓய்வுபெற்ற பிறகு என்னை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் மாடிப்படியில் நின்று வணக்கம் வைத்தார்கள்.

எதிர்வீட்டு ஆடிட்டர் தங்கமான மனிதர். சிறுநீரகம் கைவிட்டதால் வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வார். நான்காம் நாள் குழுவில் எழுதினார்: "அண்ணே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? கம்ப்யூட்டர்ல போட்டா பட்டியல் தானா வந்துரும். நான் பாத்துக்கறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க."

முப்பத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை.

வீட்டில் பழைய கைபேசி ஒன்று சும்மா கிடந்தது. அதை வைத்து, இல்லாத ஓட்டுநர் ஒருவரைக் குழுவில் சேர்த்தேன். 'வெள்ளை வண்டி' என்று பெயர். பட்டியல் இன்னும் என் கையில்தான் இருந்தது; வியாழக்கிழமை ஆடிட்டருக்கு வெள்ளை வண்டி என்று போட்டேன்.

ஏழு மணிக்கே வாசலில் வந்து நின்றார். நோயாளி எப்படி நிற்பார்? நாற்காலி கொண்டுவந்து போட்டு, துணைக்கு நானும் உட்கார்ந்தேன். பழைய கைபேசியை மடியில் மறைத்து 'அஞ்சு நிமிஷம் சார்' என்று தட்டுவேன். அவர் கைபேசி ஒலிக்கும். எனக்கும் படித்துக் காட்டுவார்.

மூன்றாம் மாடி டீச்சர் காரை நிறுத்தினார். "ஏறுங்க சார், ஒரு சீட் இருக்கு."

"வேணாம்மா, எனக்கு வண்டி வருது. அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருக்கார், விதிய மீறுனா காதைத் திருகிருவார்" என்று சிரித்தார்.

பதினொரு மணிக்கு மருத்துவமனையில் அவர் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை வரச்சொன்னார்கள்.

சனிக்கிழமை வெள்ளை வண்டிக்குப் பஞ்சர். பிறகு பாதை தவறிவிட்டது. அவர் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இவருக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு, மூச்சு வாங்குது. வேற யாரையாவது கேக்கட்டுமா?"

"கேட்டா வண்டிக்காரன் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிருவான்மா. சிக்னல்லதான் நிக்கிறானாம்."

காபி நன்றாக இருந்தது.

மாலையில் ஆடிட்டர் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அது நான் போட்ட வண்டி இல்லை. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பதினொரு கார் ஏற்பாடு செய்தேன். ஒன்றுகூடத் தாமதமில்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம் அண்ணே" என்று அழுதார்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லவேண்டாம். பாவம், மனசு உடைந்துபோவார். யாரையும் நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.