எந்த நிறம் சுபஸ்ரீ?

மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியிலும் முகம் சுளிக்காமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் நம் ஒளிப்படக் கலைஞர் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய ஐயா பிச்சமுத்து அவர்களே, இருட்டறையில் கண் பழகி இன்று கணினித் திரையில் கண் கூசும் பெரியோர்களே, வீட்டுக்காரர் கேமராவோடு ஊர் சுற்றக் கடையைக் கட்டிக்காக்கும் தாய்மார்களே, லால்குடியிலிருந்தும் மருங்காபுரியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தோழர்களே, மேலப்புதூரில் ஸ்டூடியோ நடத்தும் டோரதி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நிறத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தெளிவாகப் பேசவும் சொன்னார்கள். முதலாவதற்கு முயல்கிறேன். இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை. சிரிக்கிறீர்கள். திரையிலே ஒரு நிறம், தாளிலே ஒரு நிறம், கைப்பேசியிலே வேறொரு நிறம். ஒரே முகம் மூன்று நிறம் காட்டினால் எதை நம்புவது? யாரைக் கேட்பது? தெரிந்தவர் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால் மேடைக்கு வாருங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன். ஒருவரும் எழவில்லை. அப்படியானால் நான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு.

பாலக்கரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நம் ஜமீலிடம் சென்ற ஆண்டு திருவரங்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் சுபஸ்ரீ, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். சுபஸ்ரீ நல்ல கறுப்பு. அவர் ஜமீலிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் கலர் எப்படியோ அப்படியே வரணும். வேற ஒரு ஸ்டூடியோல வெளுப்பாக்கிக் குடுத்தாங்க. வந்தவங்க என்னை நிமிர்ந்து பாத்ததும் முகம் மாறிடுச்சு. இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால ஆகாதுங்க."

ஜமீல் எடுத்தார். திரையில் படம் அச்சு அசலாக இருந்தது. தாளிலோ, சுபஸ்ரீ கோதுமை நிறத்தில் வந்தார். ஒரு பொத்தானைக்கூட வெளுப்பாக்க அழுத்தவில்லையே, எப்படி வெளுத்தது? படத்தை இருட்டாக்கி மறுபடி போட்டார். செங்கல் நிறம் வந்தது. பிரிண்டரில் எதையோ மாற்றிப் போட்டார். சாம்பல் பூசியதுபோல் வந்தது. மை விற்பவரைக் கேட்டால் தாள் சரியில்லை என்றார். தாள் விற்பவரைக் கேட்டால் மை சரியில்லை என்றார். காணொளி அழைப்பில் வந்த பிரிண்டர் கம்பெனிக்காரர் இரண்டும் சரி, மானிட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்றார். கடைசியில் ஜமீல் என்னைக் கூப்பிட்டார். குழம்பிய ஒருவர் குழம்பிய இன்னொருவரைக் கூப்பிட்டார்.

நான் போனபோது மேசை முழுக்கச் சுபஸ்ரீக்கள். கோதுமைச் சுபஸ்ரீ, செங்கல் சுபஸ்ரீ, சாம்பல் சுபஸ்ரீ. தாயும் மகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஜமீலும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்தோம். பிறகுதான் பிடிபட்டது. படம் திருத்தும் மென்பொருள் இந்தத் தாளுக்கு ஏற்றபடி நிறத்தை ஒருமுறை திருத்துகிறது. அதை அறியாத பிரிண்டர் தன் பங்குக்கு இன்னொருமுறை திருத்துகிறது. ஒரு குழம்புக்கு இருவர் உப்புப் போட்டால் என்ன ஆகும்? தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்டரின் திருத்தத்தை அணைத்தோம். மென்பொருளில் அந்தத் தாளுக்கே உரிய வண்ணக் குறிப்பை, அதாவது கலர் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தோம். வந்த படத்தை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தோம். சுபஸ்ரீ தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

நாங்கள் வாசலில் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, உள்ளே அந்தத் தாய் கோதுமை நிறப் படத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது எங்களில் எவரும் கவனிக்கவில்லை.

தரகர் மூலம் தாய் அனுப்பியது அந்த வெளுத்த படம். இது தெரியாமல் மகள் தன் பங்குக்குச் சரியான படத்தைத் தபாலில் அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டையும் எடுத்துக்கொண்டு திருவரங்கத்துக்கு வந்து, அக்காளா, தங்கையா, எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். ஒரே பெண்தான் என்றதும் மாப்பிள்ளையின் அம்மா இரண்டு படங்களையும் தாயின் முன்னால் வைத்தார்.

"இதுல எது உங்க பொண்ணு?"

அவையோரே, பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பெற்றவளுக்குப் பதில் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை எழவில்லை. வெளுத்த படத்தைக் காட்டினால் எதிரே நிற்கும் மகள் பொய்யாகிறாள். கறுத்த படத்தைக் காட்டினால் கல்யாணம் கலைந்துபோகலாம். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாயின் விரல் மெல்ல நகர்ந்து கறுத்த படத்தின் மேல் நின்றது.

"இதுதாங்க என் பொண்ணு. அது மெஷின் பண்ண தப்பு. அனுப்புனது நான் பண்ண தப்பு."

கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. கல்யாணம் நடந்தது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். நடக்காததை நான் எப்படிச் சொல்வேன்? சுபஸ்ரீ மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். தாய்தான் பல நாள் தேறவில்லை.

பிறகு ஒரு காலையில் அந்தத் தாய் தனியாக ஜமீலின் கடைக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து பவுடர் பூசாமல் வாசல் தாண்டியதில்லை என்றார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து விளக்கின் முன் அமர்ந்தார். அப்போதுதான் தெரிந்தது, மகளின் நிறம் எங்கிருந்து வந்தது என்று.

"என்னையும் ஒண்ணு எடுங்க தம்பி. நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது."

கலைஞர்களே, எந்த நிறம் உண்மை என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, டியூப்லைட்டில் இன்னொன்று. ஆனால் ஒன்றில் மட்டும் குழப்பமில்லை. வெளுப்பாக்கட்டுமா என்று நாம் கேட்கும்போது, நம் எதிரே அமர்ந்திருப்பவரிடம் நீ போதாது என்று சொல்கிறோம். இனி அதைக் கேட்க வேண்டாம். நாளைக்குக் கடை திறந்ததும் யாராவது நம் முன் வந்து அமர்வார்கள். அவர்களை அவர்களாகவே திருப்பிக் கொடுப்போம்.

குழப்பத்தையும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.