ஐந்தாவது பொட்டு

பெருமாள்: அதுக்கில்ல லட்சுமி… கண்காட்சிக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். வாரவுக படத்தைப் பாக்கதுக்கு முன்னால வரைஞ்ச ஆளைத்தான் பாப்பாக. நெத்தி ஏன் வெறிச்சுன்னு கெடக்கு? புருசன்காரன் இங்கன குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்லா.

செல்வலட்சுமி: வேர்வைக்கு விழுந்திருக்கும். பேச்சை மாத்தாதீங்க. அந்த சத்தியராஜ் என்ன சொல்லிட்டுப் போனாரு?

பெருமாள்: சொன்னா மயக்கம் போட்டு விழுந்துருவ. நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சுக்கோ.

செல்வலட்சுமி: பிடிச்சாச்சு.

பெருமாள்: பத்துப் படத்தையும் மெட்ராசுல அவரு கேலரில மாட்டுதாராம். உனக்குன்னு தனிச் செவரு. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல மாம்பழமும் குடமும் வரையச் சொல்லிக்குடுத்த டிராயிங் டீச்சர்… இனிமே உன்னையப் பாக்க ஆளுக கப்பல்ல வருவாக. துறைமுகத்துல முப்பத்தாறு வருசம் கிரேன் ஓட்டுனவன் சொல்லுதேன், கப்பல் நிக்க எடம் பத்தாது.

செல்வலட்சுமி: பத்தையுமா? நெசமாவா?

பெருமாள்: நெசம். ஆனா ஒரு கண்டிசன். நடுவுல நான் வாயைத் தொறந்து தூங்குத படம் இருக்கணுமாம். அது இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாமாம். மத்ததெல்லாம் உப்பளமும் தோணியும்தானாம், தூத்துக்குடில யாரு வரைஞ்சாலும் அதைத்தான் வரைவாகளாம்.

செல்வலட்சுமி: அது பக்கத்துலதான் சிவப்புப் பொட்டு இருக்கே. வித்த படத்துக்குத்தான பொட்டு.

பெருமாள்: பொட்டு இருக்கதுனாலதான் கேக்காரு. இன்னைக்குக் காலையிலகூட அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனாரு. மத்தியானம் பொட்டைப் பாத்ததும் அப்பிடியே நின்னுட்டாரு. யாரு வாங்குனதுன்னு கேட்டு என்னையப் பிடுங்கி எடுத்துட்டாரு.

செல்வலட்சுமி: பொட்டு வச்ச மத்த நாலு படம்?

பெருமாள்: அதுவா… அதைக் கொழும்புல இருந்து வந்த கப்பல் கேப்டன் வாங்கியிருக்காரு. பேசிக் கேட்டா விட்டுக்குடுத்துருவாரு. தங்கமான மனுசன், ஆறே முக்கால் அடி.

செல்வலட்சுமி: ஏங்க… நம்ம பீரோக் கண்ணாடியில நான் ஒட்டி வச்சிருந்த நாலு பொட்டு எங்க?

பெருமாள்: …எந்தப் பொட்டு?

செல்வலட்சுமி: முந்தாநாள் ராத்திரி இருந்துச்சு. நேத்து காலையில இல்ல. உங்க கேப்டன் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனாரோ?

பெருமாள்: சரி, ஒத்துக்கிடுதேன். மொத நாள் ஒரு ஈ காக்கா வரல. சத்தியராஜ்தான் எங்கிட்ட மெதுவாச் சொன்னாரு, படத்தை எவனும் பாக்க மாட்டான், பக்கத்துல பொட்டு இருக்கான்னுதான் பாப்பான்னு. ரெண்டாயிரம்னு எழுதி வச்சா காலண்டர்னு நெனைப்பாகளாம். அதான் கண்ணாடியில இருந்து நாலை எடுத்து ஒட்டுனேன். விலையில ஒரு சைபரும் சேத்தேன். கடைசியில சொல்லிக்குடுத்தவரே வந்து விழுந்துட்டாரு பாத்தியா.

செல்வலட்சுமி: மெரூன் கலருன்னாலும் ஓரத்துல சமிக்கி இருக்கு. வித்த படத்துக்குச் சமிக்கி வச்ச பொட்டை எவன் ஒட்டுவான்? நேத்து வந்து பாத்ததுமே தெரிஞ்சிட்டு.

பெருமாள்: தெரிஞ்சும் எடுக்கல.

செல்வலட்சுமி: எடுக்கல… சும்மா கெடக்கட்டும்னு விட்டேன்.

பெருமாள்: களவாணி. ஆனா லட்சுமி, சத்தியமாச் சொல்லுதேன், நான் ஒட்டுனது நாலுதான். அஞ்சாவது நான் ஒட்டல. மத்தியானம் நான் சோத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள வந்திருக்கு. அப்பன்னா அதை நெசமாவே ஒரு மனுசன் காசு குடுத்து வாங்கியிருக்கான். கேப்டன் வித்தை அங்க பலிக்காது, ஆளைப் பிடிக்கணும். நீதான மேசையில இருந்த. யாரு?

செல்வலட்சுமி: ஸ்ரீவைகுண்டத்துல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. விலையக் கேட்டுட்டு கைப்பையைத் தொறந்துச்சு.

பெருமாள்: அந்தம்மாதானா… நம்பர் குடு.

செல்வலட்சுமி: அந்தம்மா ரூவாயை எண்ணுததுக்குள்ள வேற ஆளு வாங்கிட்டாக.

பெருமாள்: போட்டியா! என் வாய்க்குப் போட்டி. என்ன ஆளு? காரா?

செல்வலட்சுமி: பஸ்சுலதான் வந்தாக.

பெருமாள்: பணம்?

செல்வலட்சுமி: அதெல்லாம் முன்னாலயே குடுத்தாச்சு.

பெருமாள்: இருவதாயிரத்துக்கு வாங்குனா நாப்பது தாரோம்னு சொல்லுவோம். கேக்காமலா போயிருவான். இந்தச் சிரிப்பாணிப் படத்துக்கு…

செல்வலட்சுமி: சிரிப்பாணிக்கு வரையல.

பெருமாள்: பின்ன?

செல்வலட்சுமி: போன வருசம் மதுரையில உங்க நெஞ்சைத் தொறந்து தச்சு அனுப்புனாகள்லா…

பெருமாள்: முப்பது டாக்டரு சுத்தி நின்னு கை தட்டுனானுவ.

செல்வலட்சுமி: மூணு பேருதான். வீட்டுக்கு வந்த பெறகு நீங்க அசந்து தூங்குவீங்க, எனக்குத் தூக்கமே வராது. நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். சும்மா பாத்துக்கிட்டு இருந்தா பயமா இருந்துச்சு. அதான் பென்சிலை எடுத்தேன்.

பெருமாள்: …அது தெரியாம, என் பெண்டாட்டி என்னையக் கேலி பண்ணி வரைஞ்சிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்.

செல்வலட்சுமி: சொல்லிக்கிடுங்க.

பெருமாள்: அப்பிடிப்பட்ட படத்தை எதுக்குளா இங்கன கொண்டாந்து மாட்டுன?

செல்வலட்சுமி: நாலு பேரு பாக்கட்டும்னு. குடுக்கதுக்கு இல்ல.

பெருமாள்: குடுத்தாச்சே… வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கு. சத்தியராஜ் எறங்குதாரு. அது இல்லேன்னா தனிச் செவரும் இல்ல, மெட்ராசும் இல்ல. சீக்கிரம் சொல்லு, வாங்குன புண்ணியவான் யாரு?

செல்வலட்சுமி: நீங்க ஒட்டுன நாலையும் கண்ணாடியில இருந்து எடுத்தீங்க. அந்தம்மா பையைத் தொறந்ததும் அஞ்சாவதை நான் நெத்தியில இருந்து எடுத்து ஒட்டுனேன். போய் அவருட்ட சொல்லிருங்க, அது ஒண்ணு மட்டும் நெசமாவே வித்தாச்சுன்னு.